டேங்க் கன்சோல் கத்துச்சுன்னா என்ன பண்ணணும் - புளியரை ரோட்டு பெட்ரோல் பங்க்ல நாங்க பாக்குற முறை

ஆனி மாசம் பொறந்துட்டா எங்க பக்கம் சாரல் ஆரம்பிச்சிரும். ஆரியங்காவு கணவாய் வழியா காத்து சும்மா தள்ளிட்டு வரும், குற்றாலத்துக்கு கூட்டம் வரும், பங்க்ல வண்டி வரிசை கட்டும். அதே நேரத்துலதான் எங்க ஆபீஸ் ரூம் சுவத்துல மாட்டியிருக்குற டேங்க் கன்சோலும், அதாவது தரைக்கு அடியில இருக்குற எண்ணெய் டேங்கைக் கண்காணிக்குற பொட்டியும், கத்த ஆரம்பிக்கும். புதுசா வர்ற பசங்க எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் பண்றாங்க, ஓடிப்போய் சத்தத்தை ஆஃப் பண்ணிட்டு வந்து திரும்ப நாசிலைப் பிடிச்சுக்குறாங்க. அதனாலதான் இதை எழுதுறேன். இந்த கேரளா பார்டர் பங்க்ல பல வருஷமா ஷிப்ட் பாத்து இப்ப மேனேஜரா இருக்கேன், எங்க பசங்களுக்கு வாயால சொல்லிக் கொடுக்குறதை அப்படியே எழுதி வைக்கிறேன், வேற பங்க்ல இருக்குறவங்களுக்கும் ஆகும்.

முதல்ல அந்தப் பொட்டி என்ன பாக்குதுன்னு தெரிஞ்சுக்கணும். தரைக்கு அடியில ஒவ்வொரு டேங்குலயும் மேல இருந்து அடி வரைக்கும் ஒரு ஸ்டீல் கம்பி மாதிரி ப்ரோப் இறங்கியிருக்கும், அதுல ரெண்டு மிதவை. மேல் மிதவை எண்ணெய் மட்டத்துல மிதக்கும், கீழ் மிதவை எண்ணெய்ல முங்கும் ஆனா தண்ணில மிதக்கும். ரெண்டுக்குள்ளயும் காந்தம் இருக்கு. ப்ரோப் உள்ள ஒரு கம்பில கரண்ட் துடிப்பு ஒண்ணு போகும், காந்தம் இருக்குற இடத்துல ஒரு அதிர்வு கிளம்பி மேல திரும்பி வரும், அது வர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு வச்சு மிதவை எந்த உயரத்துல இருக்குன்னு கன்சோல் கணக்குப் போடும். டெம்பரேச்சரையும் அதே ப்ரோப்தான் பாக்குது. இவ்வளவுதான். அது நேரா பாக்குறது மிதவை இருக்குற இடத்தையும் சூட்டையும் மட்டும்தான், லிட்டர் எல்லாம் எந்த உயரத்துக்கு எத்தனை லிட்டர்னு போட்டிருக்குற டேங்க் சார்ட்டை வச்சு கணக்குப் போட்டு சொல்றது. இது மனசுல இருந்தா பாதி குழப்பம் போயிரும்.

நிறைய பங்க்ல வீடர் ரூட் கம்பெனியோட டிஎல்எஸ் வகை கன்சோல் இருக்கும், வேற கம்பெனியும் இருக்கு, பட்டன் இடம்தான் மாறும், பழக்கம் ஒண்ணுதான். பச்சை லைட் எரிஞ்சா கரண்ட் வருதுன்னு அர்த்தம், அவ்வளவுதான், எல்லாம் நல்லாருக்குன்னு அர்த்தம் இல்ல. மஞ்ச லைட் விட்டு விட்டு எரிஞ்சா எச்சரிக்கை. சிவப்பு விட்டு விட்டு எரிஞ்சா அலாரம், இப்பவே போய் பாக்கணும். ரெண்டுக்கும் கூடவே பீப் அடிக்கும், பிரிண்டர் இருக்குற மாடல்ல சீட்டும் தானா வெளிய வரும். டச் ஸ்கிரீன் வச்ச புது மாடல்ல திரையிலயே கலர் மாறி டேங்க் நம்பர் காட்டும்.

சத்தத்தை நிறுத்துற பட்டன் சத்தத்தை மட்டும்தான் நிறுத்தும். லைட் அணையாது. காரணம் சரியாகுற வரைக்கும் அது மினுக்கிக்கிட்டேதான் இருக்கும், இருக்கவும் வேணும். அதனால அந்தப் பட்டனை அமுக்குறது தப்பே இல்ல, பீப் அடிச்சுக்கிட்டே இருந்தா யாரும் யோசிக்க முடியாது, ஆனா அமுக்குறதுக்கு முன்னாடி திரையைப் படிச்சிருக்கணும். எங்க பங்க்ல முறை இதுதான்: கன்சோல் முன்னாடி போ, எந்த டேங்க், என்ன அலாரம், எத்தனை மணி, மூணையும் வாய்விட்டுப் படி, அப்புறம் அமுக்கு. வாய்விட்டுப் படிக்கச் சொல்றதுக்கு காரணம் இருக்கு, பக்கத்துல கேஷியர் காதுலயும் விழும், ரெண்டு பேருக்குத் தெரிஞ்ச விஷயம் அமுங்கிப் போகாது. சீட்டு வந்தா கிழிச்சு ரிஜிஸ்டர்ல ஒட்டிரணும், சட்டைப் பையில வைக்கக் கூடாது, பையில வச்ச சீட்டு திரும்ப வந்து நான் பாத்ததில்ல. ஒரே நேரத்துல ரெண்டு மூணு அலாரம் நிக்கலாம், திரையில மாறி மாறி வரும், அதனால ஒண்ணைப் படிச்சுட்டுத் திரும்பிராம ஒரு சுத்து முழுசா பாருங்க.

தண்ணி அலாரம்

இதைத்தான் நிறைய எழுதப் போறேன், எங்க ஊருக்கு இதுதான் பெரிய தொல்லை.

நாலு வருஷம் முன்னாடி ஆனி மாசத்துல ஒரு நாள் ராத்திரி நல்ல மழை. டீசல் டேங்குக்கு தண்ணி எச்சரிக்கை 1:40க்கு வந்திருக்கு, நைட்ல இருந்த தம்பி சத்தத்தை ஆஃப் பண்ணியிருக்கான். 3:10க்கு அதே டேங்குக்கு சிவப்பு. அதையும் ஆஃப் பண்ணிட்டான். காலைல ஆறு மணிக்கு நான் வந்தப்ப சீட்டு ரெண்டும் பிரிண்டர் வாயிலயே ஒண்ணோட ஒண்ணு ஒட்டி தொங்கிட்டு இருந்துச்சு, ரிஜிஸ்டர்ல அந்த ராத்திரிக்கு ஒரு வரி கூட இல்ல. அதுக்குள்ள பதினோரு வண்டிக்கு டீசல் போட்டாச்சு. ஏழு மணிக்கு போன் வருது, நம்மகிட்ட போட்ட ஜல்லி லோடு லாரி கோட்டைவாசல் ஏத்தத்துல நின்னுருச்சு, பின்னாடி கேரளா பஸ்ஸு லாரின்னு வரிசையா நிக்குது. டிரைவர் கொல்லம் பக்கத்து சேட்டன், எங்களை நம்பி வாராவாரம் டேங்க் நிரப்புற மனுசன்.

நான் டேங்குக்கு மேல இருக்குற மேன்ஹோலைத் திறந்து, மட்டம் அளக்குற ராடுல அடியில ஒரு சாண் அளவுக்கு வாட்டர் பேஸ்ட் தடவி இறக்கினேன். அந்தப் பேஸ்ட் பழுப்பா இருக்கும், தண்ணி பட்ட இடம் மட்டும் செக்கச்செவேல்னு ஆகும். எடுத்துப் பாத்தா 58 மில்லிமீட்டர் வரைக்கும் சிவப்பு, கோடு போட்ட மாதிரி. 20 ஆயிரம் லிட்டர் டேங்க், சார்ட்ல பாத்தா 150 லிட்டருக்கு மேல தண்ணி. எங்க இருந்து வந்துச்சுன்னு தேடினா லோடு இறக்குற வாயான ஃபில் பாயின்ட் மூடியில இருக்குற ரப்பர் கேஸ்கெட் காஞ்சு பிளந்திருக்கு, மேன்ஹோல்ல மழைத்தண்ணி நிரம்பி மூடிக்கு மேல ஏறி ராத்திரி பூரா கசிஞ்சு இறங்கியிருக்கு. அம்பது நூறு ரூபா சமாச்சாரம். அந்தத் தம்பிய நான் திட்டல, அவனுக்கு சொல்லிக் கொடுக்காதது என் தப்பு. அவன் இன்னைக்கு எங்க பங்க்ல ஷிப்ட் இன்சார்ஜ்.

அதனால தண்ணி எச்சரிக்கை மஞ்சளா இருக்கும்போதே செய்ய வேண்டியது என்னன்னா, அந்த டேங்க்ல இருந்து போற நாசில் எல்லாத்தையும் நிறுத்து, போர்டு மாட்டு, வரிசையில நிக்குறவங்ககிட்ட நேரா சொல்லு, சேட்டா டீசல்ல தண்ணி செக் பண்றோம் பத்து நிமிஷம்னு சொன்னா யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. அப்புறம் ராடுல பேஸ்ட் தடவி இறக்கு. ராடை போட்டு இடிக்காம மெதுவா அடி தொடுற வரைக்கும் இறக்கி, பேஸ்ட் டப்பால போட்டிருக்குற நேரம் வரைக்கும் அசைக்காம வச்சு எடு. மழையில திறக்குறதா இருந்தா ஒருத்தன் குடை பிடிக்கணும், இல்லன்னா நாமளே தண்ணிய உள்ள விடுறோம். பேஸ்ட்ல காட்டுற அளவையும் கன்சோல் காட்டுற அளவையும் பக்கத்துல பக்கத்துல எழுது. ரெண்டும் ஒத்துப் போனா தண்ணி உண்மை, அந்த டேங்க் விற்பனை நிறுத்தம்தான், கம்பெனி சேல்ஸ் ஆபீசருக்கு போன், தண்ணி எடுக்குற ஆளுங்க வந்து உறிஞ்சி எடுத்து, திரும்ப பேஸ்ட் போட்டு, டென்சிட்டி பாத்து, வண்டிக்குப் போடுற மெஷினான டிஸ்பென்சர்ல கொஞ்சம் பிடிச்சு தெளிவா இருக்கான்னு பாத்த பிறகுதான் திறக்கணும். எடுத்த தண்ணிய வாய்க்கால்ல ஊத்தக் கூடாது. எங்க பங்க்குக்கு கீழ வயக்காடு, அந்த வாய்க்கா தண்ணிலதான் நெல்லு விளையுது.

பேஸ்ட்ல ஒண்ணும் காட்டல, கன்சோல் மட்டும் தண்ணிங்குதுன்னா உடனே கன்சோல் பொய்னு முடிவு பண்ணாதீங்க. டேங்க் லேசா ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்கும், ராடு விடுற ஓட்டை ஒரு முனையில, ப்ரோப் இன்னொரு முனையில இருக்கும், தண்ணி பள்ளத்துலதான் தங்கும். இதையே திருப்பியும் பாருங்க, கன்சோல் தண்ணி பூஜ்யம்னு காட்டுறப்பவும் அடியில கொஞ்சம் இருக்கலாம், சாதா மிதவை முக்கால் இஞ்ச் அளவுக்கு தண்ணி சேர்ந்த பிறகுதான் கண்டுபிடிக்கும். அதனால அலாரம் இல்லாட்டியும் தினம் காலைல பேஸ்ட் போடுறதை விடக்கூடாது. மிதவையில அழுக்கு பிடிச்சு மேலயே சிக்கிக்கிட்டு தண்ணின்னு காட்டுறதும் நடக்கும், அப்ப ப்ரோப்பை வெளிய எடுத்து துடைக்கணும், அது சர்வீஸ் ஆள் வேலை.

பெட்ரோல் டேங்குக்கு தனியா ஒண்ணு சொல்லணும். இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலந்து வருது. டீசல்ல தண்ணி விழுந்தா நேரா அடிக்குப் போயிரும், கன்சோல் பாத்துரும். எத்தனால் கலந்த பெட்ரோல்ல முதல்ல விழுற தண்ணி கரைஞ்சு போயிரும், யார் கண்ணுக்கும் தெரியாது. 10 சதவீதம் கலந்த பெட்ரோலே 15 டிகிரில சுமார் அரை சதவீதம் தண்ணிய கரைச்சு வச்சுக்கும், அதாவது பத்தாயிரம் லிட்டருக்கு 50 லிட்டர், 20 சதவீதம்னா இன்னும் கூடுதலா தாங்கும். அந்த அளவைத் தாண்டுச்சுன்னா ஒரேயடியா பிரிஞ்சிரும், தண்ணி எத்தனாலையும் சேத்து இழுத்துக்கிட்டு அடிக்குப் போகும், அப்ப விழுந்த தண்ணிய விட அடியில இருக்குற அடுக்கு பெருசா இருக்கும், மேல மிஞ்சுற பெட்ரோலோட தரமும் இறங்கிரும். அதனால பெட்ரோல் டேங்க்ல தண்ணி அலாரம் வந்துச்சுன்னா அது லேட்டா வந்த அலாரம்னு நினைச்சு உடனே விற்பனைய நிறுத்துங்க, அடித்தண்ணிய மட்டும் எடுத்துட்டு வித்துரலாம்னு நினைக்காதீங்க, மேல இருக்குறதும் டெஸ்டுக்குப் போகணும். இன்னொண்ணு, சாதா வாட்டர் பேஸ்ட் அந்த எத்தனால் தண்ணில சரியா கலர் மாறாது, எத்தனாலுக்குன்னு தனி பேஸ்ட் இருக்கு, அதைத்தான் வாங்கணும். சாதா மிதவையும் அந்த அடுக்கை சரியா பிடிக்காது, உங்க ப்ரோப்ல எந்த மிதவை போட்டிருக்குன்னு சர்வீஸ் ஆள்கிட்ட கேட்டு எழுதி வச்சுக்கோங்க.

லோடு இறக்கும்போது வர்ற அலாரம்

டேங்கர் நிக்குது, ஹோஸ் மாட்டியாச்சு, பாதியில ஓவர்ஃபில்னு, அதாவது டேங்க் நிறைஞ்சு வழியப் போகுதுன்னு, சிவப்பு அடிக்குது. இங்க யோசிக்க நேரமே கிடையாது, டேங்கரோட அவுட்லெட் வால்வை மூடு. கன்சோலுக்கு ஓடாதே, முதல்ல வால்வு. அதனாலதான் லோடு இறக்கும்போது ஒருத்தன் வால்வு பக்கத்துல நிக்கணும்னு சொல்றோம், டிரைவர் டீ குடிக்கப் போகக் கூடாது, நம்ம ஆளும் நாசிலுக்குப் போகக் கூடாது. ஹோஸை மட்டும் பதட்டத்துல கழட்டிராதீங்க, உள்ள நிக்குற எண்ணெய் அத்தனையும் தரையில கொட்டும். வால்வை மூடிட்டு ஹோஸ்ல இருக்குறது தானா டேங்குக்குள்ள வடியுதான்னு பாத்து, இடம் இல்லன்னா அப்படியே மாட்டினபடியே விட்டுட்டு சேல்ஸ் ஆபீசர்கிட்ட பேசுங்க.

அமெரிக்கால இதுக்கு சட்டமே இருக்கு, அலாரம் வச்சிருக்குற டேங்க்னா 90 சதவீதத்துல அலாரம் அடிக்கணும், தானா நிறுத்துற வால்வு வச்சிருந்தா 95 சதவீதத்துக்குள்ள அது மூடிரணும். நம்ம கன்சோல்ல எவ்வளவு வச்சிருக்காங்கங்குறது செட்டப் பிரிண்ட் எடுத்தா தெரியும், எடுத்து கன்சோல் பக்கத்துல ஒட்டிருங்க, அதை நாம மாத்தக் கூடாது.

ஆனா உண்மையச் சொல்லணும்னா ஓவர்ஃபில் அலாரம் அடிச்சாலே லோடு வாங்கின ஆள் கணக்கு பாக்கலன்னு அர்த்தம். வண்டி உள்ள வர்றதுக்கு முன்னாடி கன்சோல்ல காலி இடம் எவ்வளவுன்னு பிரிண்ட் எடு, ராடு விட்டும் பாரு, சலான்ல இருக்குற லிட்டர் அதுக்குள்ள அடங்குதான்னு பாரு. டேங்க் படுக்க வச்ச உருளை, அதனால மேல நெருங்க நெருங்க ஒரு சென்டிமீட்டருக்குப் பிடிக்குற லிட்டர் குறைஞ்சுக்கிட்டே போகும், நடுவுல மெதுவா ஏறின மட்டம் மேல வந்ததும் சரசரன்னு ஏறும். கண்ணால பாத்து இன்னும் இடம் இருக்குன்னு சொல்றவங்களுக்கு இதுதான் தெரியல. இறக்கி முடிச்ச உடனே ராடு விடாதீங்க, உள்ள அலை அடிக்கும், ஸ்டாட்டிக் கரண்ட் இருக்கும், கொஞ்ச நேரம் அடங்க விட்டுத்தான் திறக்கணும்.

இருப்பு குறைவு

இது சனி ஞாயிறும் கார்த்திகை மார்கழியும் வர்ற அலாரம். கேரளால 2023 ஏப்ரல்ல இருந்து பெட்ரோல் டீசலுக்கு லிட்டருக்கு 2 ரூபா செஸ் போட்ட பிறகு அந்தப் பக்கத்து வண்டிங்க பார்டர் தாண்டி வந்தா டேங்க் நிரப்பாம போறதில்ல, ஐயப்ப சீசன்ல கேக்கவே வேண்டாம். மஞ்ச லைட் வந்த உடனே அடுத்த லோடு கேட்டு இன்டென்ட் போடணும், சிவப்பு வந்தா விற்பனைய நிறுத்தணும். இன்னும் நூறு லிட்டர் இருக்கே ஓட்டிரலாம்னு ஓட்டினா பம்ப் காத்தை இழுக்கும், அடியில கிடக்குற தண்ணி துரு எல்லாம் வண்டிக்குப் போகும். இன்னொரு விஷயம், மட்டம் ரொம்ப இறங்கிட்டா மேல் மிதவை கீழ் மிதவை மேல உக்காந்துரும், அப்ப கன்சோல் மட்டம் செல்லாதுன்னு காட்டும். அது ப்ரோப் ரிப்பேர் இல்ல, லோடு வந்ததும் சரியாயிரும், அதுக்காக சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டு காசு கொடுக்காதீங்க.

ப்ரோப் அவுட்

கன்சோலுக்கும் ப்ரோப்புக்கும் பேச்சு நின்னு போச்சுன்னு அர்த்தம். இடி மின்னல், ஜெனரேட்டர் மாத்தும்போது வர்ற ஜெர்க், மேன்ஹோல்ல ஒயர் ஜாயின்ட்ல தண்ணி ஏறுறது, எலி கடிக்கிறது, இதுல ஏதோ ஒண்ணாத்தான் இருக்கும். நாம பாக்கலாம், தொடக் கூடாது. மேன்ஹோல்ல தண்ணி நிக்குதான்னு பாருங்க, எத்தனை மணிக்கு மின்னல் அடிச்சுச்சு, எப்ப கரண்ட் போச்சுன்னு எழுதுங்க, சர்வீஸ் ஆளுக்கு அதுதான் பெரிய உதவி. அந்த ஜாயின்டைப் பிரிச்சு இன்சுலேஷன் டேப் சுத்துறது வேண்டவே வேண்டாம், அந்த லைன்ல பொறி வராத அளவுக்குத்தான் கரண்ட் போகணும்னு கணக்குப் போட்டு வடிவமைச்சிருக்காங்க, நம்ம கைவேலை அந்தக் கணக்கைக் கெடுத்துரும். மேன்ஹோல் உள்ள செல்போன் டார்ச் அடிச்சுப் பாக்குற பழக்கத்தையும் நிறுத்துங்க. பெட்ரோல் ஆவி காத்தை விட மூணு நாலு மடங்கு கனம், குழியிலதான் போய் தங்கும், காத்துல ஒண்ணரை சதவீதம் கலந்தாலே பத்திக்கும். பங்க்ல கொடுத்திருக்குற பாதுகாப்பு டார்ச் எதுக்கு இருக்கு.

ப்ரோப் அவுட்ல இருக்குற வரைக்கும் அந்த டேங்குக்கு நாமதான் கண்ணு. ஷிப்ட் மாறும்போது, லோடுக்கு முன்னாடி, லோடுக்கு அப்புறம், மூணு தடவையும் ராடு அளவு எடுத்து கையால எழுதணும்.

சம்ப் சென்சார்

டிஸ்பென்சர் அடியிலயும் பம்ப் குழியிலயும் தண்ணியோ எண்ணெயோ சேர்ந்தா சொல்றதுக்கு சென்சார் வச்சிருப்பாங்க, எல்லா பங்க்லயும் கிடையாது. மழைக்காலத்துல இது அடிச்சா பத்துக்கு ஒன்பது மழைத்தண்ணிதான், அதனாலயே யாரும் மதிக்கிறதில்ல. எனக்கு இதுல ரொம்ப ஆதங்கம். ஒரு பங்க்ல நானே பாத்தேன், சென்சாரை ஒரு கயித்துல கட்டி குழிக்கு மேல தூக்கித் தொங்க விட்டிருக்காங்க, அலாரம் வரக் கூடாதுன்னு. அந்தக் குழிய எட்டிப் பாத்தா தண்ணி மேல வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம். குழாய் ஜாயின்ட்ல சொட்டிக்கிட்டே இருந்திருக்கு, எத்தனை நாளோ. அக்கம் பக்கம் கிணத்துத் தண்ணி குடிக்கிற ஊரு இது. தயவு செஞ்சு அந்தக் காரியத்தைப் பண்ணாதீங்க, யார் பண்ணச் சொன்னாலும் பண்ணாதீங்க.

சென்சார் அடிச்சா மூடியைத் திறந்து மேலாக்க மோந்து பாருங்க, குனிஞ்சு தலையை உள்ள விட வேண்டாம், படலம் மிதக்குதான்னு பாருங்க. வெறும் தண்ணின்னா அள்ளி எடுத்து, எங்க இருந்து வந்துச்சுன்னு மூடி ரப்பரைப் பாத்து மாத்துங்க. எண்ணெய் வாடை அடிச்சா அந்த பம்ப் நிறுத்தம், அந்தத் தண்ணி தனி டிரம்முக்குப் போகும்.

விக்காமலே குறையுது

திடீர் இழப்புன்னும் லீக்னும் வர்ற அலாரம். எந்த நாசிலும் ஓடல, மட்டம் மட்டும் இறங்குதுன்னா கன்சோல் கத்தும். முதல்ல எல்லா நாசிலும் தொங்குதா, யாராவது டேங்க்ல இருந்து எடுக்குறாங்களா, டிஸ்பென்சர் அடியில ஈரம் இருக்கான்னு பாருங்க. அப்புறம் விற்பனைய நிறுத்திட்டு ராடு அளவு எடு, அரை மணி கழிச்சு திரும்ப எடு. ரெண்டு அளவுக்கும் வித்தியாசம் இருந்தா உடனே மேல சொல்லணும், காலைல சொல்லிக்கலாம்னு வைக்கக் கூடாது. ஆனா அரை மணில ராடு காட்டலன்னா லீக் இல்லன்னு நீங்களா முடிவு பண்ணிராதீங்க, சின்ன கசிவு ராடுக்குத் தெரியாது. அமெரிக்கால மாசாந்திர லீக் டெஸ்ட்டுக்கு வச்சிருக்குற அளவே மணிக்கு 0.2 கேலன், நம்ம கணக்குல சுமார் 0.76 லிட்டர், அது ஒரு தண்ணி பாட்டில் கூட இல்ல, ஆனா ஒரு நாளைக்கு 18 லிட்டர்.

இதுல சூட்டோட விளையாட்டும் இருக்கு. டேங்கர் வெயில்ல காஞ்சு வந்திருக்கும், தரைக்குள்ள டேங்க் குளுமையா இருக்கும். பத்தாயிரம் லிட்டர் பெட்ரோல் பத்து டிகிரி ஆறினா சுமார் நூறு லிட்டர் சுருங்கும். இதைத் தெரியாம பாவம் பசங்க மேல திருட்டுப் பழி போட்ட முதலாளிகள் இருக்காங்க. கன்சோல்ல 15 டிகிரிக்கு மாத்தின லிட்டர்னு ஒரு வரி இருக்கும், லோடு இறக்கின அன்னைக்கு அந்த வரியையும் சேத்துப் பாருங்க.

நெஜமாவே எண்ணெய் வெளிய கொட்டியிருந்தா, எமர்ஜென்சி ஸ்டாப் பட்டனை அடி, நிக்குற வண்டி எதையும் ஸ்டார்ட் பண்ண விடாதே, தள்ளி வெளிய கொண்டு போ, ஆளுங்களை காத்து வர்ற திசைப் பக்கமா நகத்து, மணலைக் கொட்டி சாக்கடை வாயை அடை, தண்ணி அடிச்சுக் கழுவாதே, எக்ஸ்டிங்குஷரை கையில எடுத்து நில்லு. தள்ளிப் போய் நின்னு 101 இல்லன்னா 112க்கு போன் பண்ணு, பக்கத்துல நின்னு பண்ணாதே.

பேப்பர் முடிஞ்சு போச்சு, பேட்டரி இல்லன்னு வர்றது சின்னது, ஆனா பேட்டரி செத்த கன்சோல் கரண்ட் போனா செட்டிங் மறந்துரும், அன்னைக்கே சொல்லிருங்க.

கன்சோல் கத்தாதப்ப

2005 டிசம்பர் 11 விடியக்காலைல இங்கிலாந்துல பன்ஸ்ஃபீல்டு எண்ணெய் டெப்போல 912ங்குற டேங்குக்கு பெட்ரோல் ஏத்திக்கிட்டு இருந்தாங்க. மூணு மணி சுமாருக்கு லெவல் காட்டுற கேஜ் அப்படியே நின்னு போச்சு, பெட்ரோல் ஏறிக்கிட்டே இருக்கு, திரையில மட்டம் அசையல. அதுக்கு மேல காவலுக்கு இருந்த தனி ஹை லெவல் ஸ்விட்சும் வேலை செய்யல. எந்த அலாரமும் அடிக்கல. டேங்க் வழிஞ்சு, ஆவி மேகமாப் பரவி, ஆறு மணி தாண்டி வெடிச்சுச்சு, 43 பேருக்கு காயம், இருபதுக்கு மேல டேங்க் எரிஞ்சு போச்சு. ஞாயித்துக்கிழமை விடியக்காலையா இருந்ததால உயிர்ப்பலி இல்ல.

அதனால லோடு இறங்கும்போது திரையில நம்பர் ஏறுதான்னு பாக்கணும், விக்கும்போது இறங்குதான்னு பாக்கணும். வண்டி வரிசையா நின்னு டீசல் போய்க்கிட்டு இருக்கு, அரை மணியா நம்பர் அப்படியே நிக்குதுன்னா அலாரம் அடிக்காட்டியும் அதுவே அலாரம், மிதவை சிக்கியிருக்கும், ராடை எடுங்க. தினம் காலைல ஷிப்ட் எடுக்குறவன் அலாரம் எதுவும் நிக்காத நேரமா பாத்து டெஸ்ட் பட்டனை அமுக்கி லைட்டும் பீப்பும் வருதான்னு பாக்கணும், சத்தம் வரலன்னா எவனோ ஸ்பீக்கர்ல டேப் ஒட்டியிருப்பான், அதையும் நான் பாத்திருக்கேன். கன்சோல் ரூம்ல டிவி சத்தமா ஓடக் கூடாது. கன்சோல் மேல தொப்பி, பில் புக்கு, காலண்டர்னு எதையும் மாட்டாதீங்க, லைட் மறைஞ்சிரும்.

எழுதுறதும் ஷிப்ட் ஒப்படைக்கிறதும்

ஒரு அலாரத்துக்கு ஒரு வரி போதும். தேதி, மணி, டேங்க், அலாரம் பேரு, கன்சோல் அளவு, ராடு அளவு, பேஸ்ட் அளவு, யாருக்கு போன் பண்ணேன், எத்தனை மணிக்கு லைட் அணைஞ்சுது, கையெழுத்து. லைட் அணையாம ஷிப்ட் மாறுதுன்னா வர்றவனை கன்சோல் முன்னாடி கூட்டிட்டுப் போய் காட்டி, அவன்கிட்டயும் கையெழுத்து வாங்கணும், வாயால சொல்லிட்டேன்னு சொல்றது செல்லாது. லைட் அணைஞ்சுருச்சுன்னாலும் ராடு அளவு ஒத்துப் போன பிறகுதான் அந்த வரிய முடிச்சதா எழுதணும்.

ஒரே அலாரம் வாரத்துல மூணு தடவை வந்து தானா போகுதுன்னா அது போகல, எங்கயோ ஒரு ஜாயின்டோ ரப்பரோ கெட்டுக்கிட்டு இருக்கு. ரிஜிஸ்டரைத் திருப்பி மணியைப் பாருங்க, மழை பெய்ஞ்ச நேரத்தோடயோ ஜெனரேட்டர் மாத்துன நேரத்தோடயோ ஒத்துப் போகும், அந்தப் பக்கத்தை அப்படியே போட்டோ எடுத்து சர்வீஸ் ஆளுக்கு அனுப்புங்க. போட்டோவை ஆபீஸ் ரூம்ல வச்சு எடுங்க, வண்டிக்கு எண்ணெய் போடுற ஃபோர்கோர்ட்ல எடுக்காதீங்க.

வைகாசி கடைசியிலயே, சாரல் விழுறதுக்கு முன்னாடி, எல்லா மேன்ஹோலையும் ஒரு தடவை திறந்து மூடி ரப்பரை விரலால அமுக்கிப் பாருங்க, அமுங்காம கல்லு மாதிரி இருந்தா மாத்திருங்க. கேஸ்கெட் ரெண்டு, ரெண்டு வகை பேஸ்ட்லயும் ஒவ்வொரு டப்பா, பிரிண்டர் ரோல் ரெண்டு எக்ஸ்ட்ராவா அலமாரில இருக்கட்டும். எங்களுக்கு கேஸ்கெட் திருநெல்வேலில இருந்துதான் வரணும், மழை ஆரம்பிச்ச பிறகு ஆள் அனுப்பினா வந்து சேர ஒரு நாள் ஆயிரும்.